ஏர் ஃபில்டரைத் துவைத்துக் காயப்போட்டவனின் குமுறல்

ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுக் கொடியில் இரண்டு சட்டை, ஒரு துண்டு, அவற்றோடு என் காரின் எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரும் தொங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறுகிறது. எதிர் வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, வண்டி ஓடவில்லையா?" என்றார். "ஓடும் ஐயா, இன்னும் காயவில்லை" என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

எல்லாம் மைத்துனன் பேச்சைக் கேட்டு வந்த வினை. "மாமா, காகித ஃபில்டர் எஞ்சினின் மூக்கைப் பொத்திவிடும். எண்ணெய் தடவிய இந்தப் பருத்தி ஃபில்டரைப் போடுங்கள். வண்டி பறக்கும், மைலேஜ் ஏறும், ஆயுள் முழுக்கக் கழுவிப் பயன்படுத்தலாம்" என்றான். 4,500 ரூபாய் கொடுத்தேன். கழுவும் மருந்துக்கும் சிவப்பு எண்ணெய்க்கும் தனியாக 1,400. நான் தூக்கிப் போட்ட காகித ஃபில்டரின் விலை 350 ரூபாய். 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினாலே போதும். போட்ட பணத்தை எடுக்க இந்த வண்டியை நான் என் பேரன் காலம் வரை ஓட்ட வேண்டும்!

ஆயுள் முழுக்கக் கழுவலாம் என்றால் ஆயுள் முழுக்க நான்தான் கழுவ வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை. முதலில் தட்டித் தூசியை உதிர்க்க வேண்டும். மருந்தடித்துப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தண்ணீர் விட வேண்டும். மாற்றி விட்டால் அழுக்கு நூலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுக்கலாம் என்று போனால், அந்தப் பையன் எடுத்த எடுப்பில் காற்றுக் குழாயைத் தூக்கினான். வேகமாகக் காற்றடித்தால் பருத்தி கிழிந்துவிடும். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஹேர் டிரையரும் கூடாதாம். தானாகக் காய வேண்டும். மழைக்காலத்தில் அதற்கு ஒன்றரை நாள். திங்கட்கிழமை நான் பஸ்ஸில் அலுவலகம் போனேன்.

காய்ந்த பிறகு எண்ணெய். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கோடு இழுத்து, இருபது நிமிடம் ஊறவிட்டு, வெளுத்துத் தெரியும் இடத்தில் மறுபடியும் தொட்டு வைக்க வேண்டும். குறைந்தால் தூசி உள்ளே போகும். கூடினால் எண்ணெயே உள்ளே போகும். சரியான அளவு எது? சாம்பாருக்கு உப்புப் போடும் கைப்பக்குவம் எனக்கு எங்கே இருக்கிறது? என் வேட்டியில் விழுந்த சிவப்புக் கறை மூன்று துவைப்புக்கும் போகவில்லை.

கூடத்தான் போய்விட்டது. பத்து நாளில் எஞ்சின் விளக்கு எரிந்தது. சிக்னலில் நின்றால் வண்டி குளிர்காய்ச்சல் வந்ததுபோல் நடுங்கியது. மெக்கானிக் அண்ணன் காற்றை அளக்கும் சென்சாரைக் கழற்றிக் காட்டினார். தலைமுடியைப் போன்ற ஒரு கம்பி. அதைச் சூடாக வைத்திருப்பார்கள். போகிற காற்று அதைக் குளிர்விக்கும். சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் காற்றின் அளவைக் கணக்கிடுகிறது. அந்தக் கம்பியின் மேல் எண்ணெயும் தூசியும் சேர்ந்து ஒரு பூச்சு. "இதற்கு என்ன சார் நேர்ந்தது?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்தார். செம்மண் நிறத்தில் வந்தது. ஃபில்டரைத் தாண்டிய இடம் அது! ஜல்லி லாரிகளின் பின்னால் மேலூர் சாலையில் தினமும் போகிறவனுக்கு எஞ்சினுக்குள் தூசி போகாமல் இருப்பதல்லவா முக்கியம்?

சரி, வண்டியாவது பறந்ததா? உர்ரென்று ஒரு சத்தம் கூடியது. அதைத்தான் வேகம் என்று மைத்துனன் சத்தியம் செய்கிறான். 1.5 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழு மூச்சு இழுக்கும். நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றினால், அந்த நிமிடத்தில் ஏறக்குறைய 4,500 லிட்டர் காற்று. ஆனால் நான் ஓட்டுவது 2,000 சுற்றில், பெடலை அரைகுறையாக மிதித்து. அப்போது காற்றை மறிப்பது ஃபில்டர் அல்ல, பெடலை மிதித்தால் திறக்கும் திராட்டில் வால்வில் பாதி மூடிக்கிடக்கும் தகடு. அது பாதி மூடியிருக்கும்போது முன்னால் இருப்பது பருத்தியானால் என்ன, காகிதமானால் என்ன? பந்தயத்தில் ஓட்டுகிறவர்களை நான் சொல்லவில்லை, அவர்கள் கணக்கு வேறு.

மைலேஜ் கதை இன்னும் மோசம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் அடைத்துப்போன ஃபில்டரோடும் புது ஃபில்டரோடும் கார்களை ஓட்டிப் பார்த்தது. இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் (பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து பீய்ச்சும் வகை) மைலேஜ் சொல்லிக்கொள்ளும்படி மாறவில்லை; காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. அடைத்த ஃபில்டரை மாற்றினால் வண்டி சற்றுச் சுறுசுறுப்பாக வேகமெடுக்கும், அவ்வளவுதான். அந்தச் சுறுசுறுப்பை 350 ரூபாய்க் காகிதமும் தரும்.

கடைக்காரரிடம் கேட்டால், "நீங்கள் சரியாகக் கழுவவில்லை சார்" என்கிறார். 5,900 ரூபாய் கொடுத்துவிட்டு வண்ணான் வேலையில் தேறவில்லை என்ற பெயர் வேறு! நேற்றுக் காகித ஃபில்டரை மாட்டிவிட்டேன். பருத்தி ஃபில்டர் பரணில் கிடக்கிறது. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். எண்ணெய் பாதிப் பாட்டில் இருக்கிறது, அந்த வேட்டியையும் சேர்த்தே தருகிறேன்.