'அரும்பு' என்றால் ஃபெயில் இல்லை

கும்பகோணம், திருவாரூர்ப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "அரசுப் பள்ளியில் அரும்பு பிரிவில் போட்ட பிள்ளை ஃபெயில். அடைவுத் தேர்விலும் மார்க் குறைந்தால் அதே வகுப்புதான். இப்போதே டி.சி. வாங்குங்கள்."

இது தவறு. அரும்பு, மொட்டு, மலர் மூன்றும் தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் கற்றல் நிலைகள். 8 வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்க, எழுத, அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்று 2022 ஜூனில் தொடங்கிய திட்டம் அது. மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை 'ழ'வுக்கும் 'ள'வுக்கும் தடுமாறும். பக்கத்தில் இருப்பது பத்தியே படித்துவிடும். இரண்டுக்கும் ஒரே பாடம் நடத்தினால் முதல் பிள்ளைதான் பின்தங்கும். அதனால்தான் இந்தப் பிரிப்பு. எழுத்து பிடிபட்டதும் அந்தப் பிள்ளை அரும்பிலிருந்து அடுத்த நிலைக்குப் போய்விடும். பெயர் பூவிலிருந்து வந்ததால் யாரோ அதைத் தரப்பட்டியல் என்று நினைத்துக்கொண்டார் போலும்!

அந்தச் செய்தி சொல்லும் அடைவுத் தேர்வு, அதாவது நாடு முழுவதும் பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கும் தேசிய அடைவுத் தேர்வு, வேறு சங்கதி. 2021 நவம்பர் 12 அன்று நடந்தது மாதிரி ஆய்வு: சில பள்ளிகள், அதிலும் சில பிள்ளைகள். தனியார் பள்ளிகளும் அதில் உண்டு. முடிவு மாவட்ட அளவில் வரும். உங்கள் பிள்ளையின் ரேங்க் கார்டில் ஏறாது.

சரி, அதே வகுப்பில் நிறுத்த முடியுமா? கல்வி உரிமைச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தம் ஐந்து, எட்டாம் வகுப்புகளில் மட்டும் மாநிலங்களுக்கு அந்த அனுமதியைத் தந்தது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை.

டி.சி. கேட்கப் போவதற்குப் பதில், பிள்ளை எந்த எழுத்தில் திணறுகிறது என்று டீச்சரிடம் கேளுங்கள்.