பெயர் கடைசியில்தான் அடிப்பார்கள்

அக்கா மகன் போன மாதம் ஒரு செகண்ட்ஹேண்ட் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தான். 900 வெள்ளியாம். "ஐ7 சித்தி! கடைக்காரர் தெரிஞ்சவர்னு குறைச்சுத் தந்தாரு" என்று இன்டெல் ப்ராசஸர் ஸ்டிக்கரைத் தடவிக் காட்டினான்.

பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பங்கரைக்குப் போய், தேத்தண்ணி கலக்கி எடுத்து வந்தேன். விண்டோஸ் 10 இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒருவழியாகத் திறந்ததும், உள்ளே எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். ப்ராசஸர் 9 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். பெருமைக்குரிய ஐ7 கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! உள்ளே இருந்தது 4 ஜிபி ரேமும் (வேலை நடக்கும்போது மட்டும் விஷயங்களை வைத்துக்கொள்ளும் நினைவகம்), நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் பழைய ஹார்ட்டிஸ்க்கும். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் இறக்கி ஏற்றுகிறது. ஹார்ட்டிஸ்க்குக்குள் இருக்கும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 11 மில்லிவினாடி ஆகும். அதற்குள் 2.7 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் ஏறக்குறைய 3 கோடி துடிப்பு துடித்துவிடும், அத்தனையும் சும்மா காத்திருந்து. நாசி கண்டார் கடையில் கறி ஊற்றுகிறவர் கை எவ்வளவு வேகமாக இருந்து என்ன, சோறு பின்கட்டிலிருந்து வர வேண்டாமா?

நம்ம ஆட்கள் கடையில் கேட்பது ஒரே கேள்விதான்: ஐ5ஆ, ஐ7ஆ? எத்தனையாவது தலைமுறை என்று யாரும் கேட்பதில்லை. இவனுடையது ஐ7-7500யு, ஏழாம் தலைமுறை, 2016இல் வந்தது, இரண்டே கோர், அதாவது உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பகுதி இரண்டுதான். அடுத்த வருஷமே வந்த எட்டாம் தலைமுறை ஐ5-8250யுவில் நாலு கோர். சில வேலைகளில் அந்த "சின்ன" ஐ5 இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

இதைச் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பு. எண்பதுகளில் பினாங்கு பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து வேலை பார்த்தவர். (இன்டெல் அங்கே 1972லேயே வந்துவிட்டது, அம்மா இருந்தது வேறு கம்பெனி.) "சிப்பெல்லாம் ஒரே மாதிரிதான்டி வரும். டெஸ்ட் பண்ணி, தரம் பிரிச்சு, பேரு கடைசியிலதான் அடிப்பாங்க" என்றார். அந்தக் கடைசியில் அடித்த பெயருக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி, சுற்றும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி போட்டேன். காலியாக இருந்த ஸ்லாட்டில் 8 ஜிபி ரேம் செருகினேன். விசிறியைத் திறந்தால் பூனை முடி மாதிரி தூசு அடை. அதையும் துடைத்தேன், சூடேறினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இப்போது 20 வினாடிக்குள் திறந்துவிடுகிறது. வீடியோ எடிட்டிங், பெரிய கேம் என்றால் இந்த வைத்தியம் போதாது, ப்ராசஸரும் கிராபிக்ஸும் வேண்டும்தான். அவன் செய்வது அசைன்மெண்ட், யூடியூப்.

ஒன்றை மட்டும் சரிசெய்ய முடியவில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் அந்த ஐ5-8250யு இருக்கிறது, இவனுடைய ஐ7 இல்லை.

"ஏழாம் தலைமுறையை எட்டா மாத்த முடியாதா சித்தி?"

போர்டோடு பற்றவைத்த சிப்பு, எங்கே மாற்றுவது? விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஸ்டிக்கரை மட்டும் பிய்க்க விடமாட்டேன் என்கிறான்.