என்னைத் தூக்காதீர்கள்

நேற்றிலிருந்து அந்தப் பத்திரப்பதிவு அலுவலக வீடியோவைத்தான் ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். டேக் வேறு. வீல்சேரோடு ஒரு பெண்ணை நான்கு பேர் மாடிக்குத் தூக்கிப் போகிறார்கள், பின்னால் உருக்கமான பாட்டு, கீழே 'மனிதநேயம் இன்னும் சாகவில்லை'. எனக்குப் பிடிக்கும் என்று நினைத்து அன்போடுதான் அனுப்புகிறீர்கள், தெரிகிறது. ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது.

அந்த நான்கு பேர் மேல் கோபமில்லை. அவர்கள் நல்லவர்கள். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தீர்களா? ஒரு கையால் சேலையை இழுத்துப் பிடித்திருக்கிறார், இன்னொரு கை நாற்காலியை இறுக்கிக்கொண்டிருக்கிறது. தன் சொந்தச் சொத்துக்குக் கையெழுத்துப் போட வந்தவர் அவர். அவரைக் கேட்டா படம் எடுத்தார்கள்?

முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு என்னையும் பலமுறை தூக்கியிருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் கை அக்குளில் இருக்கும். நாற்காலி பின்பக்கம் சாயும், கண்ணுக்குக் கூரை மட்டும்தான் தெரியும். ஒருவர் படியைத் தவறவிட்டால் விழப்போவது நான். விழுந்து காலில் அடிபட்டாலும் எனக்கு வலி தெரியாது, வீட்டுக்கு வந்து வீக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனைக்கும் நடுவில் சிரித்த முகமாக இருக்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும். ஒருமுறை மேலே தூக்கி வைத்தவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். வேலை முடிந்தும் இறங்க முடியாமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பார்க்கும் வீடியோக்கள் எல்லாம் மேலே போனதோடு முடிந்துவிடுகின்றன.

2023இல் மும்பையில், வீல்சேரில் செல்லும் விராலி மோடிக்கு நடந்தது நினைவிருக்கிறதா? திருமணப் பதிவு அலுவலகம் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லை, அதிகாரிகள் கீழே இறங்கி வரவும் இல்லை. கல்யாணப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகவே பேசிவரும் ஒரு பெண்ணுக்கே இதுதான் நிலைமை.

'நல்லது செய்தவனையும் திட்டினால் இனி யார் உதவிக்கு வருவார்கள்' என்று ஒருவர் நேற்றே கேட்டுவிட்டார். உதவ வேண்டிய நிலைமையை யார் உண்டாக்கினார்கள் என்றுதான் கேட்கிறேன். தூக்க ஆள் வேண்டாம், சாய்தளம் போடுங்கள். மாடியில் அலுவலகம் என்றால் லிஃப்ட் வையுங்கள். முடியாதா, அந்த ஒரு கையெழுத்துக்காகப் பதிவேட்டைக் கீழே கொண்டுவாருங்கள். உடல் முடியாதவரின் வீட்டுக்கே சென்று பதிவு செய்ய 1908ஆம் வருடத்துப் பதிவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவிலேயே வழி இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள். அதற்காக எங்களை வீட்டிலேயே இருக்கச் சொல்லாதீர்கள். எல்லோரும் போகிற வாசல் வழியாகத்தான் நானும் போக வேண்டும்.

அடுத்தது, 'வாடகைக் கட்டடம், அவர்கள் என்ன செய்வார்கள்?' கரண்ட் இல்லாத கட்டடத்தை வாடகைக்கு எடுப்பார்களா? அவ்வளவுதான் பதில்.

'இப்படி எத்தனை பேர் வரப்போகிறார்கள்' என்ற கேள்வி இருக்கிறதே, அதுதான் என்னைச் சுடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நாங்கள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்துக்கும் மேல். பஸ்ஸில், வங்கியில், சினிமா தியேட்டரில் எங்களை அவ்வளவாகப் பார்க்க முடியவில்லை என்றால் நாங்கள் எங்கே இருக்கிறோம்? வீட்டுக்குள். வர முடியாததால் வரவில்லை. வரவில்லை என்பதால் வழி செய்ய மாட்டார்கள். அப்புறம், பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு வருகிறவர்கள் யார்? பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதி வைக்க வரும் வயதானவர்கள். மூட்டு வலியோடு கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறார்களே, அவர்கள் கணக்கில் வரமாட்டார்களா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022லேயே முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரை போல இருந்தால் போதாது, கட்டாயமான விதிகளை மூன்று மாதத்தில் வகுக்க வேண்டும் என்று சொன்னது. நீதிமன்றம் உரிமை என்கிறது, நாம் மனிதநேயம் என்று பாட்டுப் போடுகிறோம்.

சாய்தளம் என்று சிலர் கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் அழுகைதான் வரும். ஒரு அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். இங்கே மூன்று படி உயரத்தை நாலடியில் முடித்துவிடுகிறார்கள். அதில் ஏறினால் நாற்காலி பின்னால் கவிழும். அதன் மேலேயே இரண்டு பைக் நிற்கும். ஆய்வுக்கு வருகிறவர் 'சாய்தளம் உள்ளது' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

வேலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இவ்வளவு நாள் இங்கே எழுதியதில்லை. விபத்துக்கு முன்னால் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். உடம்பு தேறியதும் திரும்ப வருகிறேன் என்றேன். மேலாளர் பழங்களோடு வீட்டுக்கு வந்தார். 'நீங்க உடம்பைப் பாத்துக்கோங்கம்மா, வேலை எங்க போகப்போகுது' என்றார். போய்விட்டது. என் மேஜையைக் கீழ்த்தளத்தில் போடுங்கள் என்று கேட்டேன், இடமில்லை. வீட்டிலிருந்து செய்கிறேன் என்று கேட்டேன், கணக்கு வேலையை வீட்டிலிருந்து செய்யவே முடியாது என்றார்கள். 2020இல் ஊரடங்கு வந்ததும் அதே பிரிவு முழுவதும் வீட்டிலிருந்து அதே வேலையைச் செய்தது. உங்களுக்குத் தேவை என்றதும் எல்லாம் முடிகிறது, இல்லையா? பணியின்போது ஊனமடைந்தவரை நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பு அரசு ஊழியர்களுக்குத்தான். தனியாரும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும் என்று அந்த 2016 சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் கம்பெனியில் அந்தத் தாளை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?

இப்போதைய அலுவலகத்தில் லிஃப்ட் இருக்கிறது, ஒழுங்கான சாய்தளம் இருக்கிறது. ஆனால் கழிவறைக் கதவுக்குள் என் நாற்காலி நுழையாது. மாற்றுத்திறனாளிகளுக்கென்று இருக்கும் கழிவறையில் துடைப்பமும் பினாயில் கேனும் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். சாவி செக்யூரிட்டி அண்ணனிடம், அவர் எந்த கேட்டில் இருப்பார் என்று தெரியாது. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று வந்து வந்து போகிறது. தண்ணீர் குடிக்கவில்லையா என்று டாக்டர் திட்டுகிறார். அவரிடம் என்ன சொல்வது? தோழி ஒருத்தி இதற்காகவே நல்ல வேலையை விட்டுவிட்டாள். காரணம் கேட்டவர்களிடம் 'வீட்டுச் சூழ்நிலை' என்று சொன்னாள்.

வீடியோவைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நாளைக்கு அலுவலகம் போனதும் கழிவறைக் கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். கதவு முழுதாகத் திறந்த பிறகு கிடைக்கும் இடைவெளி 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் மேலதிகாரிக்கு நீங்களே ஒரு மெயில் அனுப்புங்கள். நாங்கள் அனுப்பினால் 'பார்க்கிறோம்' என்று மட்டும்தான் பதில் வருகிறது.