வெள்ளிக் கோளையும் எங்கள் ஏரியையும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள்

எங்கள் ஏரிக்காகப் போராடும் குழுவின் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்ததை நான் மறுபடி விவரிக்கப் போவதில்லை. காணொளி எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்து சேர்ந்துவிட்டது; 'ராக்கெட் பக்தர்' என்ற பட்டமும் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. மேடையில் பேசியவர் நான் மதிக்கும் மனிதர், ஏரிகளுக்காக நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கியவர் என்பதால் அன்று பேசாமல் உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் "மண்ணை நேசிப்பவனுக்கு வானத்தில் என்ன வேலை?" என்று அவர் கேட்டதும், அதற்கு எழுந்த கைதட்டலும் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோளைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்க எழுந்து நின்றவனுக்கு ஒலிவாங்கி கடைசிவரை வரவேயில்லை. முகநூலில் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மண்ணைப் பற்றி இன்று நாம் தெரிந்துவைத்திருப்பதில் பெரும்பகுதியை நமக்குத் தந்தவர்கள் வானத்தைப் பார்த்தவர்கள்தாம். புவி வெப்பமாதல் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோமே, அதை 1988 ஜூன் 23 அன்று அமெரிக்க செனட் குழுவின் முன் போய் உலகத்தின் காதில் விழும்படி சொன்ன ஜேம்ஸ் ஹான்சன் யார்? வெள்ளிக் கோளின் வளிமண்டலத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர். 1978இல் ஏவப்பட்ட பயோனியர் வீனஸ் திட்டத்தில் அவர் பொறுப்பில் ஒரு கருவி இருந்தது. நாம் வாழும் கோளின் காற்றே கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கிறது என்று கண்டு, அந்தப் பொறுப்பை விட்டுவிட்டுப் பூமியின் பக்கம் திரும்பியவர் அவர். சூரியனுக்கு இன்னும் அருகில் இருக்கும் புதனைவிட வெள்ளி ஏன் அதிகம் சுடுகிறது, ஈயம் உருகும் அளவுக்கு, ஏறத்தாழ 460 டிகிரி செல்சியஸ் வெப்பம் அங்கே எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை, அதன் காற்றில் 96 விழுக்காடாக நிறைந்திருக்கும் கரியமில வாயுவில் இருக்கிறது. பசுமை இல்ல விளைவு கட்டுமீறிப் போனால் ஒரு கோளுக்கு என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சாட்சி அது. வானத்தில் என்ன வேலை என்று கேட்டால், இந்த வேலைதான்.

ஓசோன் கதையும் அப்படித்தான். 1970களின் தொடக்கத்தில் விண்வெளி ஓடத்தின் திட எரிபொருள் புகை வளிமண்டலத்தை என்ன செய்யும் என்று கணக்கிடும் வேலை ஸ்டோலார்ஸ்கி, சிசெரோன் என்ற இரு விஞ்ஞானிகளிடம் வந்தது. அந்தப் புகையில் வரும் குளோரின் ஓசோனைத் தொடர்ச்சியாக அழிக்கும் என்று அவர்கள் கண்டார்கள். 1974இல், குளிர்சாதனப் பெட்டியிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்கள் மேலே போய் அதே குளோரினை விடுவிக்கும் என்று மோலினாவும் ரோலண்டும் எழுதினார்கள். அந்த வாயுக்கள் காற்றில் பரவியிருப்பதைத் தன் கருவியால் அளந்து காட்டியவர் ஜேம்ஸ் லவ்லாக். செவ்வாயில் உயிர் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி என நாசாவுக்காக யோசித்துக்கொண்டிருந்த அதே லவ்லாக். இவர்களில் யாரை மண்ணின் ஆள் என்றும் யாரை வானத்தின் ஆள் என்றும் பிரிப்பது?

ஒரு நண்பர் உள்பெட்டியில் வந்து, ஓசோன் ஓட்டையைக் கண்டுபிடித்தது அண்டார்க்டிகாவில் தரையில் நின்ற ஒரு பழைய கருவிதானே, செயற்கைக்கோள் அல்லவே என்று மடக்கினார். உண்மைதான். 1985இல் ஃபார்மனும் அவருடைய சகாக்களும் ஹாலி விரிகுடாவின் அளவீடுகளை வைத்துத்தான் அதைச் சொன்னார்கள். ஆனால் அந்த ஓட்டை ஒரு கண்டத்தின் அளவுக்கு விரிந்திருக்கிறது என்பதை நிம்பஸ்-7 செயற்கைக்கோளின் தரவுதான் படமாகக் காட்டியது. 1987இல், ஓசோனை அழிக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. தரையும் வேண்டும், வானமும் வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஒன்றை வைத்து மற்றொன்றை அடிக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இனி எங்கள் ஏரிக்கு வருகிறேன். உபரிநீர் வழியும் கலங்கலை ஒட்டிய தாழ்வான பகுதியில் தண்ணீர் எந்தக் காலத்திலும் நின்றதே இல்லை என்று அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தபோது, லாண்ட்சாட் செயற்கைக்கோள் எடுத்த படங்களை இரவெல்லாம் தேடி எடுத்து, ஆண்டுவாரியாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு போனவன் நான். முப்பது மீட்டருக்கு ஒரு கட்டம் என்று தெரியும் அந்த மங்கலான படத்தை ஆயக்கட்டுப் பெரியவர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார். நீலக் கட்டங்களின் ஓரத்தில் விரலை வைத்து, "தம்பி, இது நம்ம ரெண்டாவது மதகு. இங்கதான் மாடு குளிப்பாட்டுவோம்" என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரோ, "வானத்துலேருந்து எடுத்த படத்துல யாருங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க?" என்று கேட்டார். அந்த அதிகாரியின் கேள்விக்கும் ஞாயிற்றுக்கிழமை மேடையில் கேட்ட கேள்விக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அந்தப் படங்களில் ஒரு குறை உண்டு. நம் ஏரிகள் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில். அந்த மாதங்களில் எடுத்த படங்களைத் திறந்தால் ஏரி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை மேகம்தான் இருக்கும். ஏரி நிறைந்திருப்பதை நிரூபிக்க வேண்டிய நாளிலேயே ஏரி தெரியாது. மேகத்தைத் துளைத்துப் பார்க்க ரேடார் வேண்டும். எப்போதும் மேகத்தால் மூடிக்கிடக்கும் வெள்ளியின் தரையை 1990களின் தொடக்கத்தில் மெகல்லன் விண்கலம் 98 விழுக்காடு படமெடுத்தது இந்த ரேடார் உத்தியால்தான். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார், 12 மீட்டர் ஆண்டெனாவுடன், இரண்டு அலைவரிசைகளில், அதே உத்தியைத்தான் நம் நிலத்தின்மேல் செலுத்துகிறது. தண்ணீர் பரவிய இடம், தரை உள்வாங்கும் அளவு, காட்டின் அடர்த்தி எல்லாம் அதில் கிடைக்கும். நான் கேட்க நினைத்ததும் இதைத்தான்: மழைக்காலத்து நீர்ப்பரப்பை அதில் எடுத்து எங்கள் ஏரி வழக்கில் சேர்க்கலாமா? இதற்குத்தான் 'ராக்கெட் பக்தர்'.

ஏழை நாட்டுக்கு இதெல்லாம் ஆடம்பரம் என்பவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. சந்திரயான்-3க்கு ஆனது சுமார் 615 கோடி ரூபாய். அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரையிலான மேம்பாலத்துக்கு மதிப்பிட்டது 621 கோடி. மேம்பாலத்தைக் காட்டி ஏரியைத் தூர்வாரப் பணமில்லையா என்று யாரும் மீம் போட்டு நான் பார்த்ததில்லை.

ராக்கெட் புகை காற்றைக் கெடுக்கிறது என்கிறீர்கள், கெடுக்கிறது. எரிந்து விழும் செயற்கைக்கோள்களின் அலுமினியம் மேல் வளிமண்டலத்துத் துகள்களில் கலந்திருப்பதை 2023இல் வெளிவந்த ஆய்வு காட்டியிருக்கிறது, அதுவும் நல்லதல்ல. கோடீசுவரர்கள் பத்து நிமிடம் மேலே போய் மிதந்துவிட்டு வருவதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அவர்கள் என்னை அழைத்துப் போகவும் இல்லை. குலசேகரன்பட்டினம் ஏவுதளத்தில் நிலமும் கடலும் இழப்பவர்களின் கேள்வி நியாயமானது. அது இழப்பீடும் வாழ்வாதாரமும் பற்றிய வேறு விவாதம், அதை இங்கே இழுத்து இதை மூடாதீர்கள்.

வானத்தை ஆராய்ந்து பூமியை அறியும் இந்தப் பாதை ஒருவழிப் பாதையும் அல்ல. 2002இல் ஏவிய கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய், கீழே நிறை கூடினாலும் குறைந்தாலும் அந்த இடைவெளியில் உண்டாகும் நுண்ணிய மாற்றத்தை அளந்தன. 2002க்கும் 2008க்கும் இடையில் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதி 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்தது என்று 2009இல் நமக்குச் சொன்னது அந்த அளவீடு. பூமிக்காகச் செய்த அந்த உத்தியைத்தான் பிறகு கிரெயில் திட்டம் நிலவுக்கு எடுத்துப் போனது.

1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ 17 விண்கலத்திலிருந்து எடுத்த முழுப் பூமியின் படத்தை அறியாத சூழலியல் ஆர்வலர் இருக்க முடியாது. பாதிப் பேருடைய முகப்புப் படமே அதுதான். அதன் மேல் வலப்புற விளிம்பில் சுழன்றுகொண்டிருக்கும் மேகம், அந்த வாரம் தமிழ்நாட்டைத் தாக்கிய புயல். நிலவுக்குப் போகும் வழியில் திரும்பிப் பார்த்தவர்கள் எடுத்த படத்தில் நம் ஊர்ப் புயல் இருக்கிறது. அவர்களிடம் போய் உங்களுக்கு வானத்தில் என்ன வேலை என்று கேளுங்கள்.

உண்மையைச் சொன்னால், வாதத்தைவிட எனக்கு வலித்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை மேடையில் பேசியவருக்குப் பின்னால் தொங்கிய பேனரில் பெரிதாக இருந்தது எங்கள் ஏரியின் லாண்ட்சாட் படம். நான் எடுத்து, நான் வண்ணம் பிரித்து, கேட்டதும் கொடுத்த படம். கீழே செயற்கைக்கோளின் பெயரும் ஆண்டும் இருந்த வரியை மட்டும் வெட்டியிருந்தார்கள். என் பெயர் இல்லையே என்று நான் கேட்கவில்லை. அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டதுதான் தாங்கவில்லை. புள்ளிவிவரத்தோடு வருகிறவனை 'அவர்கள் ஆள்' என்று சந்தேகப்படும் பழக்கம் நம் இயக்கத்தில் எப்போது வந்தது? கோஷம் போடுகிறவன் மட்டும்தான் நம் ஆளா?

நான் குழுவைவிட்டு வெளியேறிவிட்டேன் என்று பரவும் செய்தி பொய். கார்த்திகையில் எடுத்த ரேடார் படம் கிடைத்ததும் அச்சிட்டு, அடுத்த விசாரணைக்கு முன்பு வழக்கறிஞரிடம் கொடுப்பேன். பேனருக்கும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், அடிவரியை வெட்டாமல்.