ஸ்டென்ட்டை நாளைக்கு வைத்தாலும் ஒன்றுதானா?

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: "மாரடைப்பா? பதறாதீங்க. காலையில தஞ்சாவூர் போய் ஸ்டென்ட் வெச்சா ரத்தம் பழையபடி ஓடும்."

தவறு. ஸ்டென்ட் என்பது அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்; குழாய் திறந்தாலே ரத்தம் பழையபடி ஓடிவிடாது. இதயக் குழாயின் அடைப்பைப் பலூனால் திறந்ததும் (இதுதான் ஆஞ்சியோபிளாஸ்டி) சாயம் செலுத்தி, ரத்த ஓட்டத்தை 0 முதல் 3 வரை தரம் பிரிப்பார்கள். டிமி (TIMI) தரம் என்று பெயர். 0 என்றால் அடைப்பைத் தாண்டி ஒன்றும் போகவில்லை. 3 என்றால் குழாயின் கடைசி வரை வழக்கமான வேகம். 3 கிடைத்தவர்களே அதிகம் பிழைக்கிறார்கள். 2 கூட அதற்கு ஈடில்லை.

தாமதமானால் பெரிய குழாய் திறந்தும் நுண்குழாய்களுக்குள் ரத்தம் இறங்காமல் போகலாம். கல்லணையைத் திறந்தும், வாய்க்கால் தூர்ந்து கடைமடை வயல் காய்வது நமக்குத் தெரியாததா? அதற்குள் செத்த இதயத் தசை திரும்பாது.

சரி, வேதாரண்யத்துக்காரர் என்ன செய்வது? தஞ்சாவூர் சுமார் 100 கிலோமீட்டர். ஈசிஜியில் முழு அடைப்பு தெரிந்து, 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி நடக்காது என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அதைப் போட மருத்துவத் தடை இல்லாதவர்களுக்கு முதலில் போட்டு, அப்புறம் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதே முறை. ஆகவே நெஞ்சு அழுத்தினால் 'கேஸ்' என்று சோடா குடித்துக் காத்திராமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.