முதுகுத் துணிக்கு எதற்குக் கெடு?

மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டில் கதாபாத்திரத்தின் முதுகில் தொங்கும் கேப் என்னும் துணியைப் பற்றி யாராவது குறைப்பட்டால் உடனே ஒரு பதில் வரும்: "வெறும் அலங்காரம்தானே, இதற்கு ஏன் இத்தனை கூச்சல்?" அந்த முதுகுத் துணியால் பயன் ஏதும் இல்லை என்பது உண்மைதான். அணிந்தால் அடி குறையாது, ஓட்டம் கூடாது. காற்றில் மிதந்து செல்ல உதவும் எலிட்ரா இறக்கையை மாட்டினால் கேப்பின் வடிவமைப்பு அதில் வரும், அவ்வளவே. வேடிக்கை என்னவென்றால், கதாபாத்திரத்தின் கண்வழியே காணும் வழக்கமான கோணத்தில் விளையாடும்போது அணிந்திருப்பவர் கண்ணுக்கே அது தெரியாது. அடுத்தவர் பார்ப்பதற்கென்றே தைத்த துணி!

ஆகவே அதன் மதிப்பெல்லாம் "என்னிடம் இருக்கிறது, உன்னிடம் இல்லை" என்பதில்தான். 2011இல் லாஸ் வேகஸில் நடந்த மைன்கான் என்ற மைன்கிராஃப்ட் ரசிகர் விழாவுக்கு வந்தவர்களுக்கு, விளையாட்டை உருவாக்கிய மொஜாங் நிறுவனம் ஒரு கேப் கொடுத்தது. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. நேரில் போனவர் அடையாளம் வைத்துக்கொள்ளட்டும். பழைய மொஜாங் கணக்கை மைக்ரோசாஃப்ட் கணக்காக மாற்றியவர்களுக்கும் ஒன்று கிடைத்தது. ஏராளமானோர் முதுகில் தொங்குவதால் அதை யாரும் சீந்துவதில்லை. எனக்கென்னவோ அதுதான் பிடிக்கும்.

எரிச்சல் மூட்டியவை 2024இல், விளையாட்டின் 15ஆம் ஆண்டு நிறைவையொட்டி வந்தவை. ஒரு கேப்புக்கு, விளையாட்டு நேரலைத் தளமான ட்விட்சில் நேரலை பார்க்க வேண்டியிருந்தது. இன்னொன்றுக்கு டிக்டாக்குக்குப் போக வேண்டியிருந்தது. அதையும் கெடுவுக்குள் செய்தால்தான் கேப்பைப் பெறும் குறியீடு கைக்கு வந்தது. டிக்டாக் தடைசெய்யப்பட்ட நாட்டில் இருக்கும் சிறுவன் என்ன செய்வான்? இங்கே கேப் விழாவின் நினைவுப்பொருள் அல்ல, வேறொரு நிறுவனத்தின் வாசலில் ஆள் சேர்ப்பதற்கான தூண்டில். இலவசம் என்கிறார்கள், நம் நேரத்தை யார் கணக்கில் எடுத்தார்கள்?

கெடு முடிந்ததும் அடுத்த கூத்து தொடங்குகிறது. பயன்படுத்தாத குறியீடுகள் விலைக்கு வருகின்றன. "இலவச கேப்" என்று ஆசைகாட்டிக் கடவுச்சொல்லைப் பறிக்கும் போலிப் பக்கங்கள் முளைக்கின்றன. சிக்குபவர்களில் சிறுவர்களும் உண்டு. கேப் என்பது ஒரு சிறு படக் கோப்புதானே; அது கெட்டுப்போகுமா, கிடங்கில் இடம்தான் அடைக்குமா? தட்டுப்பாடு வேண்டுமென்றே உண்டாக்கப்பட்டது.

விழாவுக்குப் போனவர்களின் கேப்பை விட்டுவிடுங்கள். விளம்பரத்துக்காகக் கொடுத்தவற்றை ஆண்டுதோறும் மறுபடி திறந்துவிடலாம். "முன்பே வாங்கியவர்களுக்கு இது அநியாயம்" என்று வாதாடுவார்கள். நேரலை ஓடிய திரையைத் திறந்து வைத்திருந்ததற்காக ஆயுள் உரிமை கேட்கிறவர்கள்மீது எனக்கு அனுதாபம் வரவில்லை.