கிளுவை வேலிக்குப் பின்னால் நிற்கும் கோப்ளின்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டின் மேசையில் வாக்குவாதம் வேறு எதற்கு வருகிறதோ இல்லையோ, ரோக் (பதுங்கிப் போகும் திருடன் மாதிரியான பாத்திரம்) ஆடுபவர் "நான் ஒளிஞ்சுக்கறேன்" என்று சொன்னதும் கட்டாயம் வரும். அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். சண்டைக் காட்சியின் சூடு அப்படியே ஆறிவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிரி கண்ணுக்கு நான் தெரிகிறேனா என்பது ஒரு கேள்வி. அவன் விட்ட அம்பு என் மேல் படுமா என்பது வேறு கேள்வி. டிஎம்மாக, அதாவது கதையை நடத்துபவராக, உட்காருகிறவர் இரண்டுக்கும் தனித்தனியாக, டைஸ் உருளும் முன்பே பதில் சொல்லிவிட வேண்டும். முக்கால்வாசிச் சச்சரவு அங்கேயே தீர்ந்துவிடும்.

எங்கள் கோவைக் குழுவில் கதை கோட்டை கொத்தளங்களில் நடப்பதில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டில் நடக்கிறது. பார்க்காதவர்களுக்காக: மானாவாரி மேய்ச்சல் நிலம், கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை நட்டு வளர்த்த முள்வேலி. நன்றாகப் பராமரித்த வேலி என்றால் ஆடு நுழையாது, அந்தப் பக்கம் நிற்கிற ஆளும் தெரியமாட்டார். ஆனால் அம்பு நுழையும். இந்த இடத்தில்தான் விதி தெளிவாக வேண்டியிருக்கிறது.

வேலிக்குப் பின்னால் வில்லோடு ஒரு கோப்ளின், அதாவது குட்டி அரக்கன், நிற்கிறது என்று வையுங்கள். 2014 விதிப் புத்தகக் கணக்கில் அதன் ஏசி (அடி பட நம் உருட்டல் எட்ட வேண்டிய எண்) 15. நம் ஆளுக்குத் தாக்குதலில் +5 என்றால் டி20-யில் (இருபது முகப் பகடையில்) 10 விழுந்தால் போதும், 55 சதவீத வாய்ப்பு. அதே கோப்ளின் இடுப்பளவு கிணற்றுச் சுவருக்குப் பின்னால் நின்றால் பாதி கவர் (தடுப்பு), ஏசியில் +2, வாய்ப்பு 45. தலையும் வில்லும் மட்டும் தெரிந்தால் முக்கால் கவர், +5, வாய்ப்பு 30. இனி வேலிக்கு வாருங்கள். தடுப்பு எதுவும் இல்லை, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. அப்போது டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். அதுவும் கணக்குப் போட்டால் 30-ஐ ஒட்டித்தான் வருகிறது.

எண் ஒன்றாக இருக்கிறதே, இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். இல்லை. டிராகன் நெருப்பைக் கக்கட்டும். கல்சுவருக்குப் பின்னால் முக்கால் கவரில் இருப்பவருக்கு டெக்ஸ்டெரிட்டி சேவிலும் (விலகித் தப்பிக்கும் உருட்டலிலும்) அந்த +5 கிடைக்கும். வேலிக்குப் பின்னால் ஒளிந்தவருக்கு எதுவும் கிடையாது, வேலியோடு சேர்ந்து அவரும் வேகவேண்டியதுதான். கோடையில் கிளுவை இலை உதிர்த்து நிற்கும்போது அந்த மறைவும் பாதியாகிவிடும். என்ன மாதம், என்ன வேலி என்று டிஎம் சொல்லாமல் வீரர்கள் எப்படி முடிவெடுப்பார்கள்?

எங்கள் குழுவின் இளைய தம்பி ஒருமுறை நேராகவே கேட்டான்: "ஏனுங்ண்ணா, கோப்ளின் தெரியலைன்னா எந்தக் கட்டத்துல எய்யறதுன்னு எனக்கு எப்படிங்ண்ணா தெரியும்?" சரியான கேள்வி. நல்லபடியாக ஒளிந்துவிட்ட எதிரி எங்கே இருக்கிறது என்பதை ஊகித்துத்தான் எய்ய வேண்டும். ஊகம் தப்பினால் என்ன உருட்டினாலும் அம்பு வீண். அது அம்பு விட்டால் மட்டும், பட்டாலும் படாவிட்டாலும், இருக்கும் இடம் தெரிந்துவிடும். கோப்ளினோ உடனே, கூடுதலாகக் கிடைக்கும் செயலான போனஸ் ஆக்‌ஷனில் திரும்பவும் ஒளியப் பார்க்கும். இந்தத் துரத்தல்தான் இந்த விளையாட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அப்புறம் 2024-இல் வந்த புதிய விதிக்கு வருவோம். ஒளிய வேண்டுமென்றால் முழு மறைவிலோ, குறைந்தது முக்கால் கவருக்குப் பின்னாலோ இருக்க வேண்டும், எந்த எதிரியின் பார்வையிலும் படக் கூடாது, ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) உருட்டல் 15-ஐத் தொட வேண்டும். தொட்டால் 'இன்விசிபிள்', அதாவது கண்ணுக்குத் தெரியாத, நிலை. எப்போது ஒளியலாம் என்பதை இவ்வளவு தெளிவாக எழுதியதை மனதாரப் பாராட்டுகிறேன். 2014 புத்தகம் அதை டிஎம் தலையில் கட்டிவிட்டிருந்தது.

ஆனால் அந்த 15 எனக்கு ஒப்பவில்லை. பழைய விதியில் என் உருட்டல் எதிரியின் பேசிவ் பெர்செப்ஷனோடு (தேடாமலே கவனிக்கும் திறனின் எண்ணோடு) மோதியது. ஸ்டெல்த் +9 உள்ள ரோக், பேசிவ் 8 உள்ள ஜோம்பியிடமிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒளியலாம். பேசிவ் 23 உள்ள வளர்ந்த சிவப்பு டிராகனிடமிருந்து ஒளிய 14, 15 விழுந்தாக வேண்டும், அதுவும் கண் இல்லாமலே உணரும் அதன் பிளைண்ட்சைட் எட்டும் 60 அடிக்கு வெளியே இருந்தால்தான். இப்போது இரண்டுக்கும் முதல் வாசல் ஒரே 15. தேடி வருகிறவருக்குத்தான் என் உருட்டல் எண் தடையாக நிற்கிறது. ஒளிவது என்றாலே யாருடைய கண்ணிலிருந்து என்று கேட்க வேண்டாமா? தூங்கி வழிகிற காவல்காரனும் பருந்துக் கண் வில்லாளியும் ஒன்றா? எங்கள் மேசையில் எப்போது ஒளியலாம் என்பதற்கு 2024, யாரிடமிருந்து என்பதற்கு 2014. இந்தக் கலவை நன்றாகவே ஓடுகிறது.

மூடுபனி பற்றியும் ஒரு வார்த்தை. இருவருக்கும் கண் தெரியாவிட்டால் அட்வான்டேஜும் (எதிரிக்கு நான் தெரியாததால், இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) டிஸ்அட்வான்டேஜும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, பட்டப்பகலில் எய்வது மாதிரி சாதாரண உருட்டலாகிவிடும். இதை நான் ஏற்பதே இல்லை. எங்களிடம் பனிக்குள் தூரத்து அம்புக்கு டிஸ்அட்வான்டேஜ்தான்.

எல்லோரும் மறப்பது இன்னொன்று: நடுவில் நிற்கும் நம் கூட்டாளியும் எதிரிக்குப் பாதி கவர் தருவார். ஷார்ப்ஷூட்டர் ஃபீட் (வில்லாளிக்கான சிறப்புத் திறமை) எடுத்தவருக்கு இது பொருட்டில்லை. இந்தக் கவரைக் கணக்கில் எடுக்காமல் ஆடினால் அவர் எடுத்த ஃபீட்டில் பாதி வீணாகிறது. தயவுசெய்து அந்த +2-வைக் கணக்கில் சேருங்கள்.

2014 விதிகளின் அடிப்படைத் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. யாரும் எடுத்து எழுதலாம். கவர், ஸ்டெல்த் பகுதிகளைத் தமிழில் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன், கொறங்காட்டு வரைபடத்தோடு. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.